குறை பார்க்கிற கண்

புதுப் புடவை கட்டிக்கொண்டு அந்த அக்காவின் முன்னால் போகக் கூடாது என்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். போனால், புடவை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்பதற்குள், முந்தானையில் ஓர் இழை விட்டுப்போயிருப்பதை அவர் சொல்லி முடித்திருப்பார். வேண்டுமென்று செய்வதில்லை. அவர் கண் போகிற இடம் அப்படி. குடியாத்தம் கடைத்தெருவில் அரை நாள் அலசி எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழுத பெண்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

ஆம்பூருக்கு வெளியே, வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்புகிற ஒரு தொழிற்சாலையில் நான் லைன் சூப்பர்வைசர். அவர் என் லைனின் கடைசி மேஜையில் செக்கிங். கன்வேயரில் ஷூ நகர்ந்து வரும். எடுத்து ஒரு திருப்பு, முனையில் கட்டைவிரலால் ஒரு தடவல், உள்ளே ஒரு பார்வை, அவ்வளவுதான். குறை இருந்தால், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதான சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, அம்பின் முனை குறையைக் காட்டும்படி ஒட்டி, பின்னால் தள்ளிவிடுவார். மற்றவர்கள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவார்கள். இவர் தேடி நான் பார்த்ததில்லை. கேட்டால், "வரும்போதே தெரியுது சார்" என்பார்.

அந்தச் சிவப்பு அம்புகளால் எனக்கு வராத தலைவலி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று எனக்கு மேலே இருப்பவர்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். இந்த அம்மாள் கடைசி மேஜையில் உட்கார்ந்துகொண்டு பத்துக்கு இரண்டை ரிஜெக்ஷன் என்று திருப்பி அனுப்பினால் நான் எங்கே போவேன்? தினமும் சண்டைதான். "இது பையர் கண்ணுக்குத் தெரியாதுக்கா" என்பேன், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரரைச் சொல்லி. அவர் ஷூவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடிப்பார். வழவழவென்று இருந்த தோலில் ஒரு சுருக்கம் எழுந்து நிற்கும். "வெளிச்சம் நேரா அடிச்சா எல்லாமே ஓகேதான் சார். சாய்ச்சி அடிச்சிப் பாக்கணும்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

குறைகளைப் படம் எடுத்து பையருக்கு அனுப்புகிற வேலையும் அவருடையதுதான். ஆபீஸில் சின்னதாக ஒரு காமிரா இருந்தது. அதே ஜன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஷூவை வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து எடுப்பார். அந்தப் படங்களைப் பார்த்தால் எங்கள் ஷூவையா இப்படி எடுத்தார்கள் என்று எனக்கே கோபம் வரும். ஒவ்வொரு ஊசித் துளையும் எண்ணுகிற மாதிரி இருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொன்னால் நன்றாக இருக்காது. அந்த அக்காவின் வேலை போனது என்னால்தான். ஒரு வருஷம் ஆர்டர் கம்மியாகிவிட்டது. போன சரக்கில் ஒரு பெரிய லோடு, அடிப்பாகம் பிரிகிறது என்று திரும்பி வேறு வந்தது. ஒரு யூனிட்டை மூடப் போகிறோம், ஒவ்வொரு லைனிலிருந்தும் ஐந்து பேரை எழுதிக் கொடுங்கள் என்று சூப்பர்வைசர்களிடம் தாள் கொடுத்தார்கள். நான் எழுதிய முதல் பெயர் அவருடையது. யோசிக்கக்கூட இல்லை. கை தானாக எழுதியது. ஆட்களிடம், இது நிர்வாகத்தின் முடிவு என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசி நாள் என் மேஜைக்கு வந்து, "வர்றேன் சார்" என்றார். நான் ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டே தலையாட்டினேன். ஆபீஸில் புதுக் காமிரா வாங்கியிருந்ததால், பழையதை அந்த அக்காவே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்கு கேட் பாஸ் எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் பாவம் கழிந்தது போல அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு. நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். கணவர் இல்லை. ஒரே மகளை ராணிப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். வேறு தொழிற்சாலையில் சேர்ந்திருப்பார், அந்தக் கண்ணுக்கு யார்தான் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தை மாதம், அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊரில் எருது விடும் விழா. எனக்கு அது ஒரு பைத்தியம், எந்த ஊரில் விட்டாலும் போய்விடுவேன். தெருவின் இரண்டு பக்கமும் கட்டை கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிடுவார்கள். கோட்டிலிருந்து கோட்டுக்கு எத்தனை செகண்டில் ஓடுகிறது என்பதுதான் போட்டி. பெண்கள் மாடியில் நிற்பார்கள், கீழே வர மாட்டார்கள். அன்றைக்குக் கீழே, கட்டைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஒரு டிராக்டர் டிரெய்லரின்மேல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றார். கையில் நீளமூக்குக் காமிரா. வாடகைக்கு எடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது. சுற்றிலும் ஐம்பது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, மாடு ஓட ஓடக் கையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் காமிராவை அசைக்கவில்லை. மாடு வருகிற திசையைக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாடு அந்த இடத்துக்கு வந்தபோது அவர் விரல் அழுந்தியது.

கன்வேயர் பக்கத்தில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர் வேறு எப்படி நிற்பார்?

நான் கூட்டத்தோடு நழுவப் பார்த்தேன். அவர் கண்ணுக்கு எதுதான் தப்பும். டிரெய்லரிலிருந்தபடியே, "இன்னா தம்பி, பாக்காத மாதிரி போறே?" என்றார். வேலையோடு சேர்த்து 'சார்' என்பதையும் விட்டுவிட்டார். அருகில் போனதும் படங்களைக் காட்டினார். நான் எத்தனையோ விழா பார்த்தவன், ஆனால் ஓடுகிற மாட்டின் நான்கு காலும் தரையை விட்டு எழும்புகிற கணத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்கிலிருந்து தெறித்த நீர் துளித் துளியாக நின்றது. கட்டையைப் பிடித்திருந்த ஓர் ஆள் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்திருந்தார். "எப்படிக்கா?" என்றேன். வரும்போதே தெரிகிறது என்றார், லைனில் சொன்ன அதே பதில். நான் கேட்டிருக்கக் கூடாது.

மாட்டுக்காரர்களிடம் அவர் பெயர் பரவியது ஒரு சண்டையினால். பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒருவர், மூன்று ஊரில் பரிசு வாங்கிய மாட்டை வைத்திருந்தார். பேனர் போடப் படம் வேண்டும் என்று வந்தவரிடம், படத்தை நீட்டிக்கொண்டே, வலது பின்னங்கால் சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டார் அக்கா. மனிதர் ஆடித் தீர்த்துவிட்டார். பரிசு வாங்கின மாட்டைச் செருப்பு பார்க்கிற மாதிரி பார்க்கிறாயா என்று கேட்டாராம். அக்கா, அவருடைய மாட்டின் ஏழு படங்களை வரிசையாக வைத்து, ஏழிலும் அந்தக் குளம்பு ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுவதைக் காட்டினார். அவர் படத்தை வாங்காமலே போனார். ஒரு வாரம் கழித்து இனிப்புப் பெட்டியோடு வந்தார். குளம்புக்குள் கண்ணாடிச் சில் இருந்ததாம், மாட்டு டாக்டர் எடுத்துவிட்டாராம். அந்த வருஷத்திலிருந்து, விழா முடிந்ததும் படத்தை வாங்கிக்கொண்டு, "எதனா தெரியுதா அக்கா?" என்று கேட்காமல் ஒரு மாட்டுக்காரரும் போனதில்லை.

ஆனால் மாடுகள் சில மாதம்தான் ஓடும். மீதி மாதத்துக்கு மனிதர்கள் வேண்டும். மனிதர்களிடம் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதல் முதலாக வந்தது ஆம்பூரிலேயே ஒரு பாய் வீட்டுக் கல்யாணம். பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள், இந்த ஊரில் அதற்கு ஆள் கம்மி. அக்கா மருதாணி வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார். எடுத்தபின் செய்த காரியத்தை ஷூ கம்பெனிக்காரர் தவிர உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். படங்களைப் பிரிண்ட் போட்டு, வேலூரில் ஆல்பம் செய்கிறவர் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று தெரிவதற்காக, குறை இருந்த இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். மணப்பெண்ணின் பருவுக்கு ஓர் அம்பு. மாமியாரின் சாயம் ஏறாத நரைக்கு ஓர் அம்பு. பிரிண்ட் ஒரே செட்தான். எதெது ஆல்பத்துக்கு வேண்டும் என்று பொறுக்கிக் கொடுக்கச் சொல்லி, அதையே கல்யாண வீட்டில் கொடுத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தப்பு செய்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் பெண்கள் கொதித்துப்போனார்கள். மணப்பெண்ணின் அப்பா தோல் வியாபாரி. உள்ளே சத்தம் கேட்டு அவர் வந்து, மகளின் முகத்தில் ஒட்டியிருந்த அம்புகளைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் பெண்ணில் நாலு ரிஜெக்ஷன், நிக்காஹ் முடிந்துவிட்டது, இனிமேல் சரக்கைத் திருப்ப முடியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், மணப்பெண் ஒரு படத்தை எடுத்து, தன் தாடையில் இருந்த அம்பை மட்டும் மெதுவாக உரித்தாள். அம்பு காட்டிய தழும்பு, சின்ன வயதில் அவள் அண்ணன் சைக்கிளில் உட்கார வைத்துக் கீழே போட்டதில் வந்தது. அண்ணன் போன வருஷம் இறந்துபோயிருந்தான். "இதத் தொடாதீங்க அக்கா," என்றாள்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது தேநீரை ஆறவிட்டுவிட்டார். ஷூத் தோலில் இருக்கிற தழும்பைக் கேட்டால் தோல் பதில் சொல்லாது, அதனால் தான் யாரையும் கேட்டுப் பழகவில்லை என்றார்.

அதற்குப் பின் அவர் வீட்டு முன்னறையில், ஜன்னலோரம், ஒரு ஸ்டூல் போட்டு ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். வெளிச்சம் சாய்வாகத்தான் விழும், அதை அவர் மாற்றவில்லை. காமிராவைத் தொடுவதற்கு முன்னால் முகத்தில் தனக்குத் தெரிவதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். சொல்லிவிட்டு, "இதுல எதத் தொடக்கூடாது?" என்று கேட்பார். சிலர் எழுந்து போய்விடுவார்கள். உட்கார்ந்தவர்கள் பேசினார்கள். புருவத்து வெட்டுக்கு ஒரு கதை, காது மடல் கிழிந்ததற்கு ஒரு கதை. தோல் பதனிடுகிற டேனரியில் ரசாயனம் பட்டு ஒரு கன்னம் வெளுத்துப்போன ஒரு பெரியவர், கல்யாணத்துக்கு அப்புறம் முதல் முதலாக அங்கே வந்துதான் படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கன்னத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறார் படத்தில். எங்கள் கம்பெனியில் மீதி இருந்த பெண்கள், சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கும் கோயிலுக்கும் உடுத்தின உடையோடு அங்கே வரிசையில் நின்றார்கள். புதுப் புடவையில்தான்.

நான் மட்டும் போகவில்லை. ஊரில் பார்த்தால் பேசுவேன், விழாவில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பேன். ஸ்டூல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, முகத்தில் இருப்பதையெல்லாம் அவர் வாசித்துக்கொண்டு வந்தால், என் வாயிலிருந்து அது வந்துவிடும் என்று பயம். இவ்வளவு நன்றாக இருக்கிறாரே, இனிமேல் அதைச் சொல்லி ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினேன்.

போன வருஷம் என் மகளுக்கு நிச்சயமாயிற்று. போகிற வீட்டுக்கு அப்பா அம்மா படம் ஒன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதுவும் அந்த அத்தை எடுத்த படமாக இருக்க வேண்டும் என்று அவளே போய்ச் சொல்லிவைத்துவிட்டு வந்துவிட்டாள். மகள் கேட்டதற்கு என்ன சாக்கு சொல்வது? போனோம். மூன்று பேரையும் சேர்த்து எடுத்தார், என்னையும் மனைவியையும் எடுத்தார்; சேர்ந்து நிற்கிறவர்களின் முகத்தை அவர் வாசிப்பதில்லை. அப்புறம் மனைவியும் மகளும் புடவை மாற்ற உள்ளே போக, "நீ தனியா ஒண்ணு உக்காரு தம்பி," என்றார்.

உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் சுட்டது. அவர் என் முகத்தை வாசிக்க ஆரம்பித்தார். நெற்றியில் கோடு மூன்று, வலது கண்ணுக்குக் கீழே மரு, மீசையில் ஒரு பக்கம் கம்மி. அவர் அந்தக் கேள்விக்கு வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அக்கா, லிஸ்ட்ல உங்க பேர எழுதுனது நான்தான்."

அவர் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. "தெரியும் தம்பி. உன் லைனுக்கு வேற யாரு வந்து எழுதப்போறான்?" என்றார். திரையின் ஒரு மடிப்பை நீவிவிட்டு, "அதுல காரணம்னு ஒரு கட்டம் இருந்திச்சாமே. அதுல இன்னா எழுதுன?" என்று கேட்டார்.

என்னென்னவோ கேட்பார் என்று எட்டு வருஷமாக நினைத்து வைத்திருந்தேன். இதை நினைக்கவில்லை.

"ரிஜெக்ஷன் ஜாஸ்தின்னு எழுதுனேன்."

திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. "கண்ணு சரியில்லன்னு எழுதல?"

"இல்லக்கா. யாரு சொன்னா அப்படி?"

யாரும் சொல்லவில்லை, தானாக நினைத்துக்கொண்டது என்றார். அடிப்பாகம் பிரிந்த சரக்கு திரும்பி வந்த அடுத்த மாதம் அவரை அனுப்பினார்கள். அந்தச் சரக்கு முழுக்க அவர் மேஜையைத் தாண்டிப் போனது. தான் பார்க்காமல் விட்டதால்தான் அத்தனையும் திரும்பியது, கண் போய்விட்டது, அதை முகத்துக்கு நேரே சொல்லாமல் மரியாதையாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அது பசையில் வந்த கோளாறு என்று சொன்னேன். கப்பலில் சூடேறிய பின்னால்தான் பிரிந்தது, மேஜையில் இருக்கும்போது எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது, அது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும் என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அக்கா வந்து எனக்கு எதிரே இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டுகிறாராம். நன்றாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொல்கிறாராம். "நான்தான் நம்பல. ஒரு போட்டோ எடுத்தா, அங்கயே பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாப்பேன், எதனா உட்டுட்டனான்னு. மாடா இருந்தாலும் சரி, மனுசனா இருந்தாலும் சரி. தூக்கம் வராது." என் முகத்தையே பார்த்தார். "இதச் சொல்றதுக்கு எட்டு வருசமா தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். நான் பயந்தது எனக்காக, அதற்கு அவருடைய புண்ணைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ரிஜெக்ஷன் ஜாஸ்தி," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "ஜாஸ்திதான்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். என் தாடையைத் தொட்டு வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பினார். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, துடைக்கப் போனேன், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். காமிராவுக்குப் பின்னால் போனார். ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார்.

காமிராவின் திரையில் படம் வந்தது. ஒரு பார்வை பார்த்தார். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. காமிராவை ஆஃப் செய்து மேஜைமேல் வைத்துவிட்டு, "எழுந்திரு தம்பி, டீ போடறேன்," என்றார்.